என்னை மேடம் என்று கூப்பிட்ட அம்மாவுக்கு

என் ஆசை அம்மா,

கட்டடம் திறந்தாகிவிட்டது. போன வாரம் மந்திரி வந்து ரிப்பன் வெட்டினார். இப்போது தினமும் காலையில் ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை என்று நாலா பக்கமிருந்தும் ஜனங்கள் வந்து உட்காருகிறார்கள். சாதிச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், முதியோர் பென்ஷன், எல்லாவற்றுக்கும் இனி அந்தக் கூடம்தான். உள்ளே வந்ததும் ஒரு நிமிஷம் நின்று தலையைத் தூக்கிக் கூரையைப் பார்த்துவிட்டுத்தான் டோக்கன் வாங்கப் போகிறார்கள். அந்தத் தேக்கு உத்தரங்களை நான் காப்பாற்றிவிட்டேன்.

நீயும் வந்து பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தாய். வேலை முடியட்டும் என்று நான் தள்ளிக்கொண்டே போனேன். வேலை முடியாதது காரணமில்லை என்று உனக்குத் தெரியும். தெரிந்தும் ஒவ்வொரு தடவையும் சரி என்றாய்.

இந்தக் கடிதத்தை நாலு பேர் படிக்கிற இடத்தில் போடுகிறேன். அதனால் உனக்குத் தெரிந்த விஷயங்களையும் அவர்களுக்காகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கொஞ்சம் பொறுத்துக்கொள்.

நீ ரங்கூனில் பிறந்தவள். சின்னப் பெண்ணாக இருக்கும்போது அங்கிருந்து துரத்தப்பட்டு, கப்பலில் இந்த ஊருக்கு வந்து இறங்கியவள். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே இறந்துவிட்டார். அதற்கப்புறம் டோல்கேட் பக்கத்தில் சாயங்காலம் ஒரு தள்ளுவண்டி போட்டாய். அத்தோ என்று எழுதிய போர்டு. பர்மா நூடுல்ஸில் முட்டைக்கோசும் வறுத்த வெங்காயமும் புளித்தண்ணீரும் போட்டுக் கையாலேயே பிசைந்து கொடுப்பாய். அந்தப் புளிக் கைதான் என்னை இன்ஜினீயரிங் படிக்க வைத்தது. உன் இடத்தில் இப்போது ஒருவர் செல்போன் உறை விற்கிறார். நல்ல மனிதர்தான். நீ எங்கே என்று இன்னமும் அவரிடம் வந்து கேட்கிறார்களாம்.

துறைமுகத்துக்கு எதிரே இருந்த அந்தப் பழைய சுங்கக் கட்டடத்தை அரசு அலுவலகமாக மாற்றப்போகிறார்கள், உள்வேலை முழுக்க என் பொறுப்பு என்று உத்தரவு வந்த அன்று, காலடிப்பேட்டை வீட்டுக்கு வந்ததும் முதலில் உன்னிடம்தான் சொன்னேன். நீ அடுப்பைச் சின்னதாக்கிவிட்டுத் திரும்பினாய்.

"அந்தக் கட்டடமா? அங்கதான்டி நான் பாவாடையிலயே ஒண்ணுக்குப் போய்கினு நின்னேன்" என்றாய்.

அதுவரை நீ இதை எனக்குச் சொன்னதில்லை. கப்பலிலிருந்து இறங்கியவர்களை எல்லாம் அந்தக் கூடத்தில்தான் வரிசையாக நிறுத்தினார்களாம். வரிசையை விட்டால் இடம் போய்விடும், நகராதே என்று தாத்தா உன் கையை இறுக்கிப் பிடித்திருந்தாராம். உன்னால் அடக்க முடியவில்லை. கருங்கல் தரையில் அது ஓடி முன்னால் நின்றவரின் டிரங்குப் பெட்டிக்கு அடியில் போனதை அத்தனை வருஷம் கழித்தும் கையால் காட்டிச் சொன்னாய்.

மேசைக்குப் பின்னால் இருந்தவர் தாத்தாவிடம் ஊர் எது என்று கேட்டாராம். தாத்தாவும் ரங்கூனில்தான் பிறந்தவர். அவருடைய அப்பா எந்த ஊரிலிருந்து கப்பலேறினார் என்று அவருக்குத் தெரியாது. இந்தியா என்றாராம். இந்தியாவில் எந்த ஊர் என்றாராம் அந்த ஆள். தாத்தா மறுபடியும் இந்தியா என்றாராம். பின்னால் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். கடைசியில், முன்னால் போனவர் என்ன ஊரைச் சொன்னாரோ அதையே தானும் சொல்லிவிட்டார். காரைக்குடி.

அப்படித்தான் நம் பூர்வீகம் காரைக்குடி ஆனது. நாம் ஒருநாளும் போய்ப் பார்க்காத ஊர். பர்மாவில் இந்தியாக்காரன் என்று விரட்டினார்கள், இங்கே வந்தால் தெருவில் பர்மாக்காரன் என்றார்கள் என்று சொல்லிவிட்டு நீ சிரித்தாய். அப்புறம், கக்கூசை எங்கே வைக்கப்போகிறாய் என்று கேட்டாய். பின்பக்கம், தோட்டத்தில் என்றேன். வரிசையில் நிற்கிறவள் இடத்தை விட்டுவிட்டு அவ்வளவு தூரம் போவாளா என்றாய். மறுநாள் வரைபடத்தை மாற்றி, கூடத்தை ஒட்டியே கொண்டுவந்தேன்.

ஆபீசில் கட்டடக் குழுவின் முதல் கூட்டம் நடந்தது. எங்கள் மேலதிகாரியை உனக்குத் தெரியும், கண்ணாடி போட்ட உயரமான மனிதர். கெட்டவர் இல்லை. கட்டடம் வெள்ளைக்காரன் கட்டியது, வாசல் வளைவில் இன்னும் அவன் முத்திரைதான் இருக்கிறது, உள்ளே காலை வைத்ததும் இது நம் தேசத்தின் கட்டடம் என்று ஜனங்களுக்குத் தெரிய வேண்டும் என்றார். அதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் அதற்காக அவர் சொன்ன வேலைகள் வேறு மாதிரி இருந்தன. உத்தரங்களை மறைத்து ஒரு பொய்க்கூரை, அதில் மூவர்ண விளக்குகள். கருங்கல் தரைமேல் பளபள கிரானைட். பிரதான சுவரில் சிங்க முத்திரை, நீளச் சுவரில் பித்தளையில் இந்திய வரைபடம்.

நான் எழுந்து பேசினேன். உத்தரமும் தரையும் அப்படியே தெரியட்டும் சார், சிங்க முத்திரை அதன் இடத்தில் இருக்கட்டும், நீளச் சுவரை மட்டும் இந்தக் கூடத்தில் வந்து இறங்கியவர்களுக்குக் கொடுங்கள் என்றேன். இந்த நாட்டுக்காரர்கள் என்பதற்காகவே எல்லாவற்றையும் இழந்து வந்தவர்கள் முதலில் நின்ற இடம் இது என்றேன். நன்றாகத்தான் பேசினேன் அம்மா.

"இதில் உங்களுக்குச் சொந்த விஷயம் ஏதாவது இருக்கிறதா? அரசாங்கச் சுவரில் யாருடைய குடும்பப் படத்தையும் மாட்ட முடியாது" என்றார் மேலதிகாரி.

"இல்லை சார்" என்றேன்.

ஆமாம் என்றால் சுவர் போய்விடும் என்று பயந்தேன். அது உண்மை. ஆனால் அது பாதிதான். மீதியை நீ கேட்டதே இல்லை. அந்த ஆபீசில் சேர்ந்த நாளிலிருந்து ஊர் எது என்று கேட்டவர்களுக்கு எல்லாம் காரைக்குடி என்றுதான் சொல்லியிருக்கிறேன். கூட வேலை பார்க்கிறவர்கள் என்னிடம் செட்டிநாட்டுக் குழம்புக்குப் பக்குவம் கேட்பார்கள். நானும் எங்கேயோ படித்ததைச் சொல்லுவேன். இன்னா, கீது, வூடு என்பதை எல்லாம் காலடிப்பேட்டையில் வண்டி ஏறும்போதே வாயிலிருந்து கழற்றி வைத்துவிடுவேன். அத்தோ வண்டியைப் பற்றி அங்கே யாருக்கும் தெரியாது.

அப்படியானால் இறங்கி வந்தவர் யாரையாவது அழைத்து வாருங்கள், குழு நேரில் கேட்கட்டும் என்றார் அவர். உன்னோடு அதே கப்பலில் வந்த ருக்மணி பெரியம்மாவைத்தான் முதலில் நினைத்தேன். அவர் அப்போது அத்திப்பட்டில் காலை முறித்துக்கொண்டு கிடந்தார். வேறு யாரையும் எனக்குத் தெரியாது.

நீ வண்டிக்காக முட்டைக்கோசு அரிந்துகொண்டிருந்தாய். நான் எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, "நீ வரணும்மா. ஆனா என் அம்மான்னு சொல்லாத" என்றேன்.

கத்தி நிற்கவில்லை. "அப்போ உன்ன இன்னான்னு கூப்புடட்டும்?" என்று கேட்டாய்.

"மேடம்னு கூப்புடு."

சரி என்றாய். நீ அன்று கத்தியிருந்தால், அழுதிருந்தால், நான் மனசு மாறியிருப்பேனா? தெரியவில்லை. உன்மேல் பாரத்தைப் போடத்தான் இதைக் கேட்கிறேனோ என்னவோ.

குழு கூடிய அன்று நீ கல்யாணங்களுக்கு மட்டும் கட்டுகிற ஊதாப் பட்டைக் கட்டிக்கொண்டாய். ஒன்றாகப் போனால் தெரிந்துவிடும் என்று என்னை முதலில் போகச் சொல்லிவிட்டு ஷேர் ஆட்டோவில் வந்தாய். டோல்கேட் சிக்னலில் கன்டெய்னர் லாரிகள் அடைத்து நின்றன. என் ஜீப்புக்குப் பக்கத்தில் உன் ஆட்டோ வந்து நின்றது. நாலைந்து பேருக்கு நடுவில் முழங்காலை ஒடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். நீ என்னைப் பார்த்தாய். நான் போனைக் காதில் வைத்துக்கொண்டேன். அந்தப் பக்கம் யாரும் இல்லை அம்மா.

குழாய் பதிப்பதற்காகக் கூடத்தின் தரைக்கற்களைப் பாதி பெயர்த்து அடுக்கியிருந்தார்கள். வாசற்படி ஏறும்போது உன் முழங்கால் மடங்கியது. நான் இரண்டடி தள்ளித்தான் நின்றேன். கை தன்னால் நீண்டது. மேலதிகாரி பார்க்கிறார் என்று அதை அப்படியே இழுத்துக்கொண்டேன். சுவர் பூசிக்கொண்டிருந்த ஒருவர்தான் ஓடி வந்து உன் முழங்கையைப் பிடித்தார்.

நீ அழகாகச் சொன்னாய். மேசை எங்கே இருந்தது, வரிசை எந்தத் தூணைச் சுற்றிப் போனது, குழந்தைகளுக்கு யார் ரொட்டி கொடுத்தார்கள் என்று நடந்து நடந்து காட்டினாய். கப்பலை விட்டு இறங்கும்போது யாரும் சிரிக்கவில்லை சார், எல்லாருக்கும் பயம்தான், நம்ம ஊர் என்று வந்தோம், இவங்களும் திருப்பி அனுப்பிடுவாங்களோ என்று பயம் என்றாய். குழுவில் இருந்த ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மேலதிகாரி மரியாதையாகத்தான் கேட்டார், உங்களுக்கு எந்த ஊர் அம்மா என்று.

"இன்னா சார், நீயும் அத்தயே கேக்கற" என்றாய்.

எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். பிள்ளைகள் எத்தனை பேர் என்று கேட்டார். ஒரே பொண்ணு, கவர்மென்ட்ல கீறா என்றாய். எந்தத் துறை என்றார். நீ தரையைப் பார்த்தபடி, "எனுக்கு அதெல்லாம் தெரியாது சார். பட்ச்ச பொண்ணு" என்றாய்.

கிளம்பும்போது எல்லாருக்கும் கும்பிடு போட்டுவிட்டுக் கடைசியாக என் முன்னால் வந்து நின்றாய். கையைக் கூப்பினாய். "நான் வர்றேன் மேடம்."

நானும் கையைக் கூப்பினேன்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது வஞ்சிரம் வறுத்து வைத்திருந்தாய். டிவி ஓடியது. சாப்பிட்டு முடித்த பிறகு, அந்த ஆபீசர் ஒத்துக்கொண்டாரா என்று மட்டும் கேட்டாய். ஒத்துக்கொண்டார் என்றேன். உன் முகம் எவ்வளவு மலர்ந்தது. எனக்காக மலர்ந்தது அது. அதையும் வாங்கிக்கொண்டு போய்ப் படுத்தேன்.

ஒத்துக்கொண்டார்தான். உத்தரமும் தரையும் தப்பின, நீளச் சுவரும் கிடைத்தது. ஆனால் ஓவியர் வரைந்து கொண்டுவந்ததைப் பார்த்தால், கப்பலிலிருந்து இறங்குகிறவர்கள் எல்லாரும் பல் தெரியச் சிரிக்கிறார்கள். பாவாடை கட்டிய ஒரு சின்னப் பெண் கையில் கொடி பிடித்திருக்கிறாள். கீழே, மகிழ்ச்சியுடன் தாய்நாடு திரும்பிய மக்கள் என்று எழுத்து. அரசாங்க அலுவலகத்தில் பயந்த முகங்களை மாட்ட முடியுமா என்று கேட்டார்கள். கிடைத்த சுவரும் போய்விடக் கூடாது என்று நான் வாயை மூடிக்கொண்டேன். நீ வந்தால் அந்தப் படத்தைப் பார்ப்பாய். பார்த்தால் ஏதாவது சொல்லுவாய். சொன்னால் நான் உன்னை யார் என்று சொல்ல வேண்டியிருக்கும். உன்னை வரவிடாமல் தள்ளிப்போட்டது இதற்காகத்தான்.

மழைக்காலத்தில் உனக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று நர்ஸ் உன் தலைமாட்டில் நின்று, கூட இருக்கிற இவங்க உங்களுக்கு யாரு பாட்டி என்று கேட்டாள். சும்மா, பேச்சுக் கொடுக்கத்தான் கேட்டாள். நீ திரும்பி என் முகத்தைப் பார்த்தாய். சொல்லலாமா என்று கேட்கிற பார்வை.

நான்தான் முந்திக்கொண்டு, "பொண்ணு" என்றேன்.

நீ தலையை ஆட்டினாய். கொஞ்சம் தண்ணீர் கேட்டாய். அதற்கு மேல் நாம் அதைப் பற்றிப் பேசவே இல்லை. பேச நேரம் இருந்தது அம்மா. நீ கண்ணை மூடிக்கொண்டே மழை விட்டுதா, துணி உள்ளே எடுத்தியா என்று கேட்டுக்கொண்டிருந்தாய். நான் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். மன்னிச்சுக்கோ என்கிற ஒரு வார்த்தையை ஏன் எடுக்க முடியவில்லை? எடுத்தால் நீ சாகப்போகிறாய் என்று ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று அப்போது நினைத்தேன். இப்போது அந்தச் சமாதானம் எனக்கே போதவில்லை.

உன்னை எடுக்கிற அன்று ஆபீசிலிருந்து வந்தார்கள். மேலதிகாரியும் மாலையோடு வந்தார். கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் போய்க் குனிந்தவர் நிமிரவே இல்லை. ஊதாப் பட்டைத்தான் உனக்குக் கட்டியிருந்தோம். அவர் மாலையை வைத்துவிட்டு என்னிடம் வந்து, "இவங்களா?" என்று மட்டும் கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

பதினாறாம் நாள் முடிந்து வேலைக்குப் போனபோது அவர் அறைக்குக் கூப்பிட்டார். மெமோ கொடுப்பார் என்று நினைத்தேன். முதலிலேயே ஏன் சொல்லவில்லை என்றார். சொல்லியிருந்தால் சுவரைக் கொடுத்திருப்பீர்களா என்றேன். யோசித்துவிட்டு, கொடுத்திருக்க மாட்டேன் என்றார். அவருடைய நேர்மை எனக்குப் பிடித்திருந்தது. அப்புறம் சொன்னார், திறப்பு விழா நெருங்குகிறது, இப்போது இது வெளியே தெரிந்தால் நம் இரண்டு பேருக்கும் சங்கடம், இப்படியே விட்டுவிடலாம் என்று.

சரி சார் என்றேன். நீ செத்துப் போன பிறகும் உன்னை இல்லை என்றேன்.

திறப்பு விழாவில் அவர் உன்னைப் பற்றிப் பேசினார். இந்தப் பகுதியைச் சேர்ந்த ஒரு மூதாட்டி எங்களிடம் வந்து, தாய்மண்ணில் கால் வைத்த அந்த ஆனந்தத்தைக் கண்ணீரோடு சொன்னார் என்றார். கூட்டம் கை தட்டியது. மேடை ஓரத்தில் நின்றுகொண்டிருந்த நானும் தட்டினேன்.

கூட்டம் கலைந்த பிறகு ருக்மணி பெரியம்மா ஒரு கோலை ஊன்றிக்கொண்டு அந்தச் சுவருக்கு முன்னால் நின்றிருந்தார். அத்திப்பட்டிலிருந்து தனியாகப் பஸ் மாறி வந்திருக்கிறார். படத்தை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "யாருடி இவங்க? எந்தக் கப்பல்ல இவ்ளோ சிரிச்சிகினு வந்தாங்க?" என்று கேட்டார். நம்ம கப்பல்தான் பெரியம்மா என்றேன்.

"உங்கம்மா இத்தப் பாத்தாளா?"

இல்லை என்றேன். ஏன் என்றார். சாக்குச் சொல்ல வாய் வந்தது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு முடியவில்லை. அங்கேயே, கிளார்க்குகள் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருக்கும்போதே, எல்லாவற்றையும் சொன்னேன். மேடம் என்று கூப்பிடச் சொன்னதை, கையை இழுத்துக்கொண்டதை, எல்லாவற்றையும் நம் பாஷையிலேயே சொன்னேன். நாற்காலிச் சத்தம் நின்றுவிட்டது.

பெரியம்மா என்னைத் தேற்றுவார் என்று நினைத்தேன் போலிருக்கிறது. அவர் தேற்றவில்லை. "எங்கிட்ட சொல்லி இன்னா ஆவப்போவுது? அவ காதுல வுழுமா?" என்றார். கோலை ஊன்றிக்கொண்டு வெளியே நடந்தார். ஜீப்பில் விட்டுவருகிறேன் என்றேன், வேண்டாம் என்று பஸ்ஸுக்கே போய்விட்டார். அப்புறம் இரண்டு தடவை போன் செய்தேன். எடுக்கவில்லை. மூன்றாவது தடவை எடுத்து, சாப்பிட்டியா என்று கேட்டார்.

உன் காதில் விழுமா, விழாதா என்று எனக்குத் தெரியாது அம்மா. மற்றவர்கள் காதில் விழும். அதற்குத்தான் இதை இப்படி எழுதுகிறேன்.

அடுத்த மாதம் குழு கடைசித் தடவையாகக் கூடுகிறது. அந்த ஓவியத்தை மாற்ற வேண்டும், முடியாவிட்டால் கீழே இருக்கிற எழுத்தையாவது மாற்ற வேண்டும் என்று கேட்கப்போகிறேன். நீ சொன்னதை நீ சொன்ன வார்த்தைகளிலேயே அங்கே எழுதக் கேட்பேன். பெரியம்மாவையும் கூப்பிட்டிருக்கிறேன். வருவதாகச் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. வந்தால் என் கையைப் பிடித்துக்கொண்டுதான் அந்தப் படியேறுவார். மேலதிகாரி மறுபடியும் அதே கேள்வியைக் கேட்பார். சொந்த விஷயமா என்று. ஆமாம் என்பேன். அதற்காக அவர்கள் சுவரை எடுத்துக்கொள்ளலாம், என்னை வேறு ஊருக்குத் தூக்கியும் அடிக்கலாம். எழுத்து மாறும் என்று உனக்கு வாக்குக் கொடுக்க என்னால் முடியாது. ஆனால் இனிமேல் யார் கேட்டாலும், எந்தக் கூட்டத்தில் கேட்டாலும், எந்தப் பாஷையில் கேட்டாலும் நான் யார் பிள்ளை என்பதை மறைக்க மாட்டேன். இந்த ஒன்று என் கையில் இருக்கிறது. இதைச் செய்வேன் அம்மா.

ரங்கூனில் பொறந்து, ராயபுரத்தில் எறங்கி, டோல்கேட்டில் அத்தோ போட்ட கோவிந்தம்மாவின் ஒரே பொண்ணு,
செல்வி